சீடர் ஷிங்கிள் செவுத்துக்கு எந்த ஆணிங்க? ஜிஐ அடிச்சு ஒரே மழைக்கு கருப்பா ஒழுகுது

#1 தோப்புக்காரன் | மே 18, காலை 7.10

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆனைமலைக்குப் பக்கத்துல நம்ம தோப்புக்குள்ள சின்னதா ஒரு வூடு கட்டிட்டு இருக்கறனுங்க, கீழ ஹாலோ பிளாக், மேல ஒரே ஒரு ரூம்பு. ஒறம்பரை வந்தா தங்கறதுக்கு, ஆரும் வராத நாள்ல வாடகைக்கு வுட்டுக்கலாம்னு ஒரு கணக்கு. மேல் ரூம்புக்கு வெளிச்செவுத்துல சீடர்ங்கற மரத்துப் பலகை, ஷிங்கிளும்பாங்க, அதப் போட்டா நெம்ப நல்லா இருக்கும்னு மச்சான் ஆசை காட்டி வுட்டுட்டான், நானும் சரின்னு வாங்கிப் போட்டுட்டன். கனடாவுல இருந்து வர்ற வெஸ்டர்ன் ரெட் சீடரு, 16 இஞ்ச் நீளம், அகலம் ஒண்ணொண்ணும் ஒரு அளவு, மூணு இஞ்சும் இருக்குது பதினொண்ணும் இருக்குது. அடிப்பக்கம் சுண்டுவிரல் தடிமன், மேல போகப் போக அப்பளமாட்டம் மெலிஞ்சுருது. மொத்தம் 600 சதுர அடி.

முழுசா அடிக்கறதுக்கு முன்னால பாத்ரூம் செவுத்துல நாலுக்கு நாலு சாம்பிள் அடிச்சுப் பாப்போம்னு ஆசாரிகிட்டச் சொன்னன். டவுன்ல பளபளன்னு இருக்கற ஜிஐ ஆணி ஒண்ணரை இஞ்ச் ஒரு கிலோ வாங்கியாந்து அடிச்சாரு. போன வாரம் ராத்திரி ஒரு கோடை மழை. காலையில போய்ப் பாத்தா ஒவ்வொரு ஆணிக்கும் கீழ நாலு விரக்கடை நீளத்துக்குக் கருநீலமா கோடு எறங்கியிருக்குது. அதில்லாம ஆணியே இல்லாத எடத்துலயும் கடுகு அளவுக்குக் கருப்புப் புள்ளி தெறிச்சாப்புல கெடக்குது. போட்டோ போட்டிருக்கறன் பாருங்க.

கடைக்காரரக் கேட்டா மரம் மட்டமுங்கறாரு. ஆசாரி எஸ்எஸ், அதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஆணி வாங்கிக் குடுங்கறாரு. கிரில் வேலைக்காரத் தம்பி பாக்ஸ் பைப் பிரேம் அடிச்சு ஷீட் ஸ்க்ரூ போட்டு ஒரே நாள்ல முடிச்சுரலாமுங்கறான். ஆரு சொல்றதக் கேக்கறதுன்னே தெரீல. ஜூன் மழைக்கு முன்னால முடிக்கோணும்.

#2 சும்மாப்_படிப்பவன் | மே 18, காலை 7.42

ஷிங்கிள்னு தேடுனா அக்கிக்கு மருந்து காட்டுதுங்ணா. செவுத்துக்கு அக்கி வந்துருச்சோன்னு பயந்துட்டன்.

#3 தோப்புக்காரன் | மே 18, காலை 7.50

அட போப்பா. ஓடு மாதிரிதான், என்ன மண்ணுக்குப் பதுலா மரம். கூரைக்கும் போடுவாங்க, செவுத்துக்கும் போடுவாங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மீன் செதில் கணக்கா இருக்கும்.

#4 சாயப்பட்டறை_அக்கா | மே 18, காலை 10.25

போட்டோ பாத்தனுங்க. மரம் மட்டமெல்லாம் இல்ல. நல்ல சீடரா இருக்கறதுனாலதான் இப்படி ஆவுது.

வாழைப்பூவ இரும்பு அருவாமனையில அரிஞ்சா என்ன ஆவும்? பூவும் கருக்கும், அருவாமனையும் கருக்கும், கையும் கருக்கும். அதேதான் இது. மரத்துல டானின் மாதிரி துவர்ப்புச் சரக்கு நெறைய இருக்குது, செத்த புளிப்புக் குணமும் சேந்தது, அதனாலதான் சீக்கரம் மக்காது, பூச்சியும் அவ்வளவு லேசுல தொடாது. அந்தத் துவர்ப்பு தண்ணியில கரைஞ்சு இரும்பத் தொட்டா கருநீல மை உண்டாவும். பழைய காலத்துல கடுக்காயும் அன்னபேதியும் சேத்து மை காச்சுனாங்கல்ல, அன்னபேதிங்கறது இரும்பு உப்புதான். உங்க செவுத்துல மழை வந்து அந்த மைய ஓசியில காச்சிக் குடுத்துருச்சு.

நான் திருப்பூர்ல சாயத்துல இருவது வருசமா கெடக்கறன், போர் தண்ணியில துளி இரும்பு இருந்தாலே ஷேடு மங்கிப் போயிரும், அதனால இந்தக் கருப்ப எட்ட இருந்தே அடையாளம் தெரியும்.

சந்தேகமா இருந்தா ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. ஆக்ஸாலிக் ஆசிட் உப்பு, துணியில துரு கறை எடுக்க எங்க பக்கம் எல்லாரும் வெச்சிருப்பாங்க. வெதுவெதுப்பான தண்ணி ஒரு லிட்டருக்கு 30 கிராம், பிளாஸ்டிக் பக்கெட்டுல கரைச்சு, கறை மேல பிரஷ்ஷுல தடவுங்க. கொஞ்ச நேரத்துல கருப்பு மங்கிப் போச்சுன்னா அது இரும்புக் கறை. அப்பிடியே கெடந்தா அநேகமா அது பூஞ்சை, அதுக்கு வேற வைத்தியம். முடிச்சதும் நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவிருங்க. கையுறை போடாமத் தொடாதீங்க, அது வெசம், மாட்டுத் தொட்டிப் பக்கம் தண்ணி போகாமப் பாத்துக்கோங்க.

ஆனா ஒண்ணு, ஆணி அங்கயே இருந்தா அடுத்த மழைக்குத் திரும்ப வந்துரும்.

#5 தோப்புக்காரன் | மே 18, மதியம் 1.15

அக்கா, ஜிஐன்னா துத்தநாகம் பூசுனது தானுங்க? அப்பறம் இரும்பு எங்கிருந்து வருது?

#6 வான்கூவர்_வெள்ளோட்டான் | மே 18, இரவு 9.05

வணக்கமுங்க, நான் வெள்ளோட்டுக்காரன், இப்ப கனடாவுல வான்கூவர் பக்கம் சைடிங், அதான் வெளிச்செவுத்துக்குப் பலகை அடிக்கற வேலையில இருக்கறன். இந்த மரம் வெளையற ஊரே இதுதான், அதனால இந்தக் கேள்வி எங்க வாசப்படிக்கே வந்தாப்புல இருக்குது.

துத்தநாகத்துல ரெண்டு வகை இருக்குதுங்க. நீங்க வாங்குனது கரண்ட் வெச்சுப் பூசுனது. பளபளன்னு இருக்கும், பூச்சு அஞ்சு பத்து மைக்ரான்தான் நிக்கும். சுத்தியல் தலையில பட்ட ஒடனே பாதி போயிரும், மிச்சத்த சீடரோட புளிப்பு தின்னுரும், அப்பறம் நிக்கறது வெறும் இரும்பு. இன்னொண்ணு, உருக்குன துத்தநாகத் தொட்டியில, 450 டிகிரி சூட்டுல, முக்கி எடுக்கறது. அதுல பூச்சு 40 மைக்ரானுக்கு மேல நிக்கும். பாக்கறதுக்கு அழகே இருக்காது, சாம்பல் நெறத்துல சொரசொரன்னு, அங்கங்க கட்டி தட்டுனாப்புல இருக்கும். உடுமலை பக்கம் பழைய காத்தாடி டவர்ல ஏணிச்சட்டம் மாதிரி நிக்குதே, அதோட நட்டு போல்ட்டப் பாருங்க, அந்தக் கலர்தான். ஆணியில பளபளப்பு இருந்தா சீடருக்கு ஆவாதுன்னு வெச்சுக்கோங்க.

அந்த முக்கி எடுக்கற வகைய ஹாட் டிப்பும்பாங்க, அதுதான் கடைசி எல்லை, அதுக்குக் கீழ எறங்கக் கூடாது. அதுலயும் கலர் அடிக்காம மரத்த அப்பிடியே வுடறதா இருந்தா, இல்ல வெளிர் ஸ்டெயின் அடிக்கறதா இருந்தா, எஸ்எஸ் தான் போகோணும். எஸ்எஸ்லயே நாங்க இங்க 304ங்கற ரகம் அடிக்கறோம். கடலோரம், உப்புக்காத்து 15 மைல் வரைக்கும் வர்ற எடத்துல துருவ இன்னும் எச்சாத் தாங்கற 316 கேப்பாங்க.

#7 பில்டர்_மாமா | மே 18, இரவு 9.40

304 எல்லாம் சும்மாங்க. போட்டா 316 போடோணும், இல்லீன்னா போடாமயே இருக்கோணும். நான் எல்லா சைட்லயும் 316 தான்.

#8 வான்கூவர்_வெள்ளோட்டான் | மே 18, இரவு 10.02

மாமா, ஆனைமலையில இருந்து கடலுக்கு நூறு கிலோமீட்டர் பக்கம் இருக்குதுங்க, நடுவுல ஒரு மலையே நிக்குது. அங்க உப்பு எங்கிருந்து வரும். காசு எச்சா இருந்தா தப்பில்ல, வாங்கட்டும், ஆனா அந்தக் காச வேற எடத்துல போட்டா பலன் இருக்கும், சொல்றன்.

#9 கிரில்_தம்பி_கோவை | மே 19, காலை 8.20

அண்ணா நான் அவரு சொன்ன தம்பி இல்ல, ஆனா அதே வேலதான். ஏனுங்க இவ்வளவு கஷ்டப்படறீங்க. ஒன்றரைக்கு ஒன்றரை பாக்ஸ் பைப்புல பிரேம், ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, மேல செல்ஃப் டிரில் ஸ்க்ரூ, ரப்பர் வாஷரோட. ஆடிக்காத்துக்கே அசையாது. ஷீட் மேயறப்ப லட்சம் ஸ்க்ரூ அடிச்சிருக்கறன், ஒண்ணு கழண்டதில்ல.

#10 ஆசாரி_மகன் | மே 19, காலை 9.10

தம்பி, ஷீட் தகரம். இது மரம். மழை நாள்ல உப்பும், வெயில்ல சுருங்கும். ரப்பர் வாஷரு போட்டு ரெண்டு பக்கமும் இறுக்கிப் புடிச்சீன்னா அது எங்க போவும், நடுவுல வெடிக்கும். அதுவும் அப்பளம் தடிமனுக்கு இருக்கற எடத்துல முன்ன ஓட்டை போடாம ஸ்க்ரூ ஏத்துனா அப்பவே கீறி வுட்டுரும்.

இன்னொண்ணு, உன் ஸ்க்ரூ துளைக்கறப்ப சன்னமா இரும்புத் தூள் வருமே, அது எங்க வுழுவும்? கீழ இருக்கற ஷிங்கிள் மேல. அக்கா சொன்ன மை அங்கயும் ஊறும்.

#11 கிரில்_தம்பி_கோவை | மே 19, காலை 9.25

தூளு துடைச்சுட்டாப் போச்சு.

#12 ஆசாரி_மகன் | மே 19, காலை 9.31

600 அடிக்கு எத்தன ஸ்க்ரூன்னு நெனச்ச? ஒவ்வொண்ணுக்கும் துடைச்சுட்டு இருந்தீன்னா தீவாளி நோம்பி வந்துரும்.

#13 தோப்புக்காரன் | மே 19, காலை 11.00

நில்லுங்க நில்லுங்க. ஆசாரி_மகன் சொன்ன தூளு விசயம் மண்டையில ஏதோ தட்டுது. அந்த சாம்பிளுக்கு நேர் மேல ஜன்னல் இருக்குது. சாம்பிள் அடிச்ச மறுநாள் கிரில் மாட்டறதுக்கு வந்து அங்கயே நின்னு கிரைண்டர் போட்டாங்க. நெருப்புப் பொறி மத்தாப்பாட்டம் பறந்துச்சு, பேரன் பாத்துக் கைதட்டிட்டு இருந்தான். அந்தக் கடுகுப் புள்ளியெல்லாம் அதானுங்களா?

#14 சாயப்பட்டறை_அக்கா | மே 19, காலை 11.20

அதேதானுங்க. அந்தப் பொறி ஒவ்வொண்ணும் சூடான இரும்புத் துகள். மரத்துல ஒட்டிக்கிட்டு ஈரம் பட்டதும் ஒவ்வொரு துகளும் ஒரு புள்ளி. எங்க பட்டறையில சாயம் போடாத கிரே துணி காயறப்ப பக்கத்துல வெல்டிங் வெச்சானுங்க, ரெண்டு டன் துணி புள்ளி புள்ளியாப் போச்சு, அதுல இருந்து வெல்டிங் மிஷின் காம்பவுண்டுக்குள்ள வந்தாலே நான் சண்டைக்குப் போயிருவன்.

உங்களுக்கு நல்ல சேதி, இந்தப் புள்ளி ஆக்ஸாலிக்ல போயி, துகளும் சேந்து கழுவிப் போயிட்டா திரும்ப வராது. ஆணிக் கோடுதான் திரும்ப வரும். ரெண்டையும் தனித்தனியா பாருங்க.

#15 கிரில்_தம்பி_கோவை | மே 19, மதியம் 12.05

சரிங்க்கா, இது எனக்கே புதுசு. இனி மர வேலை நடக்கற எடத்துல கிரைண்டர எதுக்கால பக்கம் கொண்டு போயிடறன்.

#16 தோப்புக்காரன் | மே 20, இரவு 8.30

ஆக்ஸாலிக் அடிச்சுப் பாத்துட்டனுங்க. புள்ளியெல்லாம் கண்ணு முன்னாலயே கரைஞ்சு போச்சு, கோடும் போச்சு. பொண்டாட்டி இதக் கொண்டு சமையக்கட்டு சிங்க் தேய்க்கலாமான்னு கேக்கறா, வெசம்னு சொல்லி வெச்சிருக்கறன்.

அடுத்தது ஆணி. டவுன்ல ஒரு கடையில எஸ்எஸ் ஆணின்னு குடுத்தாங்க, "சாருக்கு ஒரிஜினல் 304ங்க, காந்தம் புடிக்காது பாருங்க"ன்னு காந்தத்தையும் வெச்சுக் காட்டுனாரு. ஒட்டல. வாங்கிறட்டுமா?

#17 வெட்டிப்பட்டறை_பையன் | மே 20, இரவு 9.15

அண்ணா அவசரப்படாதீங்க. நான் மெஷின் ஷாப்புல இருக்கறன், எஸ்எஸ்ல வருசக்கணக்கா ஏமாந்திருக்கறன்.

காந்தம் ஒட்டலீன்னா 304ன்னு அர்த்தமில்ல. 200 நெம்பர் வரிசை ஒண்ணு இருக்குது, 202 மாதிரி. அதுல நிக்கலக் கொறைச்சு மாங்கனீஸ எச்சாப் போட்டிருப்பாங்க. அதையும் காந்தம் புடிக்காது. வெலை கம்மி, ஆனா துருவுக்கு 304 அளவு தாங்காது. நம்மூர்ல கேட்டு, பைப்பு, கைப்பிடின்னு போடறதெல்லாம் பாதிக்கு மேல இதுதான்னு எனக்குத் தோணும், மழை பட்டு ஒரு வருசத்துல பழுப்புக் கட்டுதே அதெல்லாம்.

இதுல கூத்து என்னன்னா, நெஜமான 304 ஆணிய லேசாக் காந்தம் இழுக்கும். கம்பிய இழுத்து, தலைய இடிச்சு ஆணியாக்கறப்ப சூடில்லாம அடிபடுதில்ல, அதுல உலோகத்துக்குள்ள கொஞ்சம் மாறிப் போயிரும். அதனால அவரு காந்தம் வெச்சுக் காட்டுனது எதுக்கும் ஆவாது.

பழைய இரும்புக்கடையில ஒரு சொட்டு மருந்து வெச்சிருப்பாங்க, மேல வுட்டு பேட்டரி ஒயரத் தொட்டா கலர் மாறும், மாங்கனீஸ் எச்சா இருந்தாக் காட்டிக் குடுத்துரும். அது உத்தேசத்துக்கு. ஒறுதியா வேணும்னா நாலு ஆணிய எடுத்துக்கிட்டு கோயமுத்தூர் வாங்க, ஃபவுண்டரிக்காரங்களுக்கு மெட்டல் டெஸ்ட் பண்ணிக் குடுக்கற லேப் இருக்குது, ஸ்பெக்ட்ரோங்கற மிஷின்ல வெச்சா நிமிசத்துல குரோமியம் எவ்வளவு நிக்கல் எவ்வளவுன்னு சீட்டு வந்துரும். 304ன்னா குரோமியம் 18க்குப் பக்கம், நிக்கல் 8க்குக் கொறையக் கூடாது, மாங்கனீஸ் 2 தாண்டக் கூடாது.

ஸ்க்ரூ வாங்கறதா இருந்தா தலையில ஏ2ன்னு குத்தியிருந்தா 304 வகை, ஏ4ன்னா 316 வகை. ஆணித் தலையில அதெல்லாம் இருக்காது.

#18 பில்டர்_மாமா | மே 20, இரவு 9.50

நாலு ஆணிக்கு லேப்பா. கல்யாணத்துக்கு முன்ன மாப்பளைக்கு ரத்தம் டெஸ்ட் எடுத்த மாதிரி.

#19 வான்கூவர்_வெள்ளோட்டான் | மே 20, இரவு 10.30

மாமா சிரிக்காதீங்க, கணக்கப் பாருங்க. 600 சதுர அடி. ஷிங்கிள் சராசரி அகலம் 5 இஞ்ச், வெளிய தெரியறது 7 இஞ்ச்னா ஒண்ணு மூடறது 35 சதுர இஞ்ச். ஒரு சதுர அடி 144. ஆக அடிக்கு நாலு சில்லறை, மொத்தம் 2500 ஷிங்கிள் பக்கம். ஒண்ணுக்கு ரெண்டு ஆணி, 5000. இந்த ஆணி ஒண்ணு ஒரு கிராம் கூட வராது. நாலு கிலோ, சேதாரம் சேத்து அஞ்சு கிலோ. இவ்வளவுதானுங்க மொத்த ஆணி. வெறும் அஞ்சு கிலோ சாமான்ல காச மிச்சம் புடிக்கறன்னு கனடாவுல இருந்து கொண்டாந்த மரத்துல மை ஊத்திக்கறதா?

316 வாங்கற காச வேற எடத்துல போடுங்கன்னு சொன்னது இந்த மாதிரிச் சோதனைக்குத்தான். சோதிச்ச 304 அஞ்சு கிலோ போதும்.

சரி, இப்ப ஆணியோட அளவு. ஒண்ணரை இஞ்ச் எல்லாத்துக்கும் வேண்டாம். ஆணி போற எடத்துல மேல் ஷிங்கிள் பாதித் தடிமன், அதுக்கு அடியில இருக்கறது நுனிப்பக்கம் வெறும் அப்பளம், ரெண்டும் சேந்து கால் இஞ்ச் சில்லறை. அதத் தாண்டி பின்னாடி இருக்கற ரீப்பர் சட்டத்துக்குள்ள முக்கா இஞ்ச் எறங்கோணும். ஆக ஒண்ணேகால் இஞ்ச் சரியா இருக்கும். மூலை, அப்பறம் எல்லாத்துக்கும் கீழ டபுளாப் போடற மொத வரிசை, அங்க மட்டும் ஒண்ணரை. தண்டு 2 எம்எம் பக்கம் சன்னமா இருக்கோணும், தடியா இருந்தா கீறும். தலை தட்டையா அஞ்சரை எம்எம். தண்டுல வளையம் வளையமா வெட்டு இருந்தா இன்னும் நல்லது, மரம் உப்பிச் சுருங்கறப்ப வெளிய தள்ளாது.

#20 ஆசாரி_மகன் | மே 21, காலை 6.40

அடிக்கற விதம் நான் சொல்றன், அவரு போட்டோவுல ஆணிய விட அதுதான் எச்சாத் தப்பு.

போட்டோவப் பெருசாக்கிப் பாருங்க. ஒரு பலகைக்கு நாலு ஆணி, அதுவும் தலை உள்ள போய்க் குழி வுழுந்திருக்குது. தலை மரத்துக்குள்ள புதைஞ்சா நார் நசுங்கிருச்சுன்னு அர்த்தம், அதுக்கப்பறம் புடிப்பே இல்ல, குழியில தண்ணி தேங்கும். தலை வந்து மரத்தத் தொட்டாப் போதும். எங்கய்யன் காதுல கேட்டு நிறுத்துவாரு. டக்கு டக்குன்னு வர்ற சத்தம் தலை ஒக்காந்ததும் தட்டையா டப்புன்னு மாறும், அதுக்கு மேல ஒரு அடி கூடப் போடமாட்டாரு. ஏர் கன்னுல அடிக்கறதா இருந்தா பிரஷரக் கொறைச்சு ஒரு வீணான பலகையில பத்து அடிச்சுப் பாத்துட்டு அப்பறம் செவுத்துக்குப் போங்க. எஃப் 30ன்னு சன்னமான பின் அடிக்கற கன்ன எடுத்துட்டு வந்தாருன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிருங்க, அதுல தலைங்கறது பேருக்குத்தான், காத்துக்குப் பலகை உருவிக்கிட்டுப் போயிரும். கருப்பா இருக்கற ஜிப்சம் ஸ்க்ரூவும் வேண்டாம், அது ஜிஐய விடச் சீக்கரம் துருப்புடிக்கும்.

ரெண்டே ஆணி. ரெண்டு ஓரத்துல இருந்தும் முக்கா இஞ்ச் உள்ள. அடுத்த வரிசையோட அடிக்கோடு எங்க வருதோ அதுக்கு ஒரு இஞ்ச் மேல. அப்பத்தான் ஆணி மேல் வரிசைக்கு அடியில ஒளிஞ்சுக்கும், மழை நேரா படாது. உங்க ஆசாரி வெளிய தெரியற எடத்துலயே அடிச்சிருக்கறாரு.

#21 வான்கூவர்_வெள்ளோட்டான் | மே 21, காலை 8.15

நூத்துக்கு நூறு. 10 இஞ்ச்சுக்கு மேல அகலமா இருந்தா மட்டும் நடுவுல ஒரு இஞ்ச் எடைவெளி வுட்டு இன்னும் ரெண்டு. நான் அதுக்கு அந்தப் பெரிய பலகைய ரெண்டாப் பொளந்தே போட்டுருவன், எப்பிடியும் அது ஒரு நாள் நடுவுல வெடிக்கும், நம்மளே வெடிக்க வெச்சுரலாம்.

பக்கத்துப் பக்கத்துப் பலகைக்கு நடுவுல 3 எம்எம்ல இருந்து 6 எம்எம் வரைக்கும் சந்து வுடுங்க. உங்க சாம்பிள்ல ஒட்டி ஒட்டி வெச்சிருக்கறாங்க, மழையில உப்பி ஒண்ண ஒண்ணு தள்ளி ஒரு பலகை வயிறு தள்ளி நிக்குது பாருங்க, மேல இருந்து ரெண்டாவது வரிசை. அந்தச் சந்துக்கு நேரா மேல் வரிசைச் சந்து வரக்கூடாது, ஒண்ணரை இஞ்ச்சாவது தள்ளி வரோணும்.

#22 தோப்புக்காரன் | மே 21, காலை 9.00

வயிறு தள்ளுனது எனக்கே தெரீலீங்க, இப்பப் போய்ப் பாத்தன், ஆமா.

ஒரு அடிப்படைச் சந்தேகம். ஹாலோ பிளாக் செவுத்துல இந்த ஒண்ணேகால் இஞ்ச் ஆணி எப்பிடி எறங்கும்? சாம்பிளுக்கு ஆசாரி பழைய பிளைவுட் ஒண்ண செவுத்துல வெச்சு அதுல அடிச்சாரு.

#23 ஆசாரி_மகன் | மே 21, காலை 9.45

பிளைவுட்டு வேண்டாம், ஈரத்துல அது மொதல்ல உப்பும். செவுத்துல மொதல்ல செங்குத்தா சட்டம், அதுக்கு மேல குறுக்கால ரீப்பர். ஓட்டு வூட்டுக்கு அடிக்கற மாதிரியேதான், கூரைய எடுத்து நிமுத்தி வெச்சதா நெனச்சுக்கோங்க. ரீப்பர் ஒரு இஞ்ச் கனம் ரெண்டு இஞ்ச் அகலம், நடுவுக்கு நடு 7 இஞ்ச், ஏன்னா உங்க ஷிங்கிள் தெரியறதும் 7 இஞ்ச். அப்பத்தான் எல்லா ஆணியும் ரீப்பர்ல வுழும், இல்லீன்னா பாதி ஆணி காத்துல தொங்கும். செங்குத்துச் சட்டம் இருக்கறதுனால பின்னாடி காத்து ஓடும், உள்ள போன தண்ணி கீழ எறங்கிரும். அடியில மேல ரெண்டு பக்கமும் சல்லடை வெச்சு அடைங்க, தோப்புக்குள்ள வூடுங்கறீங்க, தேளு பூரான் எல்லாம் நாளைக்கே குடியேறிரும்.

மண்ணுல இருந்து அரை அடி மேலயே ஷிங்கிள் நின்னுரோணும். உங்களுது மேல் ரூம்புங்கறதுனால கவலையில்ல. சீடர செல்லு, அதான் கரையான், சீக்கரம் தொடாதுதான், ஆனா ரீப்பரத் தின்னுட்டு வந்தா ஷிங்கிள் எதுல நிக்கும்?

#24 வெட்டிப்பட்டறை_பையன் | மே 21, காலை 10.10

ரீப்பர் மருந்து ஏத்துன பைனா? பச்சை கலர் அடிச்சாப்புல இருந்தா அதுல செம்பு மருந்து. அது சாதா ஜிஐயையும் அலுமினியத்தையும் தின்னுரும். சட்டத்த செவுத்துல புடிக்கற ஸ்க்ரூவும் எஸ்எஸ்ஸே போடுங்க, ஆணி மட்டும் எஸ்எஸ் போட்டுட்டு சட்டத்துக்கு மஞ்ச ஸ்க்ரூ போட்டு வெக்காதீங்க. ஹாலோ பிளாக்குங்கறதுனால நீட்டமான நைலான் பிளக்கு, பொந்துல போய் விரியற மாதிரி.

#25 தோப்புக்காரன் | மே 25, மாலை 6.20

நாலு நாளா ஆளக் காணோமேன்னு நெனச்சிருப்பீங்க. பையன் சொன்னபடி கடைக்காரரு குடுத்த ஆணி நாலு, இன்னொரு எடத்துல வாங்குன வளையம் வெட்டுன ஆணி நாலு, ரெண்டையும் தனித்தனிக் கவர்ல போட்டு கோயமுத்தூர் போனன். லேப்புல இருந்த அம்மிணி இத்தனூண்டு ஆணிக்கா இத்தன தூரம் வந்தீங்கன்னு சிரிச்சுது, ஆணித்தலை சின்னதுன்னு ரெண்டு மூணு தடவை வெச்சு எடுத்துது.

மொத கவரு: மாங்கனீஸ் 9க்கு மேல, நிக்கல் 1ஐயே தாண்டல. ஒரிஜினல் 304ன்னு காந்தம் வெச்சுக் காட்டுனது இதுதானுங்க. ரெண்டாவது கவரு: குரோமியம் 18.2, நிக்கல் 8.1. இத்தனைக்கும் இந்த ரெண்டாவதத்தான் காந்தம் லேசா இழுத்துச்சு, பையன் சொல்லாம இருந்தா இத வேண்டாம்னு வெச்சுட்டு அத வாங்கியிருப்பன்.

#26 பில்டர்_மாமா | மே 25, மாலை 7.00

அடக் கெரகமே. என் சைட்ல போட்ட 316 எல்லாம் என்ன நெம்பர்ல வருமோ. அந்த லேப்பு எங்கன்னு தனியாச் சொல்லுங்க.

#27 சாயப்பட்டறை_அக்கா | மே 25, இரவு 8.10

மாமா இப்ப ஆருக்கு ரத்தம் டெஸ்ட்டு?

#28 தோப்புக்காரன் | ஜூன் 11, காலை 10.40

முடிஞ்சுதுங்க, மூணு பக்கம். நாலாவது பக்கம் மாத்தரம் மழை வந்து நின்னுருச்சு, தார்ப்பாய் போட்டு வெச்சிருக்கறோம்.

ஆசாரிகிட்ட மொத நாளு பெரிய ஒரியாட்டம். ரெண்டு ஆணி போதும்னா நிக்காதுங்கறாரு, முப்பது வருசமா அடிக்கறன் எனக்குச் சொல்லித் தர்றயான்னு சத்தம் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. திரும்ப வந்ததும் அந்தச் சத்தம் மாறுற கதையச் சொன்னன். மனுசன் பேசாம ஒரு பலகைய எடுத்து அடிச்சுக் கேட்டாரு, இன்னொண்ணு அடிச்சுக் கேட்டாரு, "எங்கப்பனும் இதான் சொல்லுவான்"ன்னாரு. அதுக்கப்பறம் நான் ஒண்ணும் பேசல. ஒரு குச்சியில முக்கா இஞ்ச்சுக்கு ஒரு வெட்டு, ஒரு இஞ்ச்சுக்கு ஒரு வெட்டுன்னு கத்தியில போட்டு வெச்சுக்கிட்டு அளந்து அளந்து அடிச்சாரு, அளவு நாடாவத் தொடவே இல்ல.

கிரில் வேலையில மிச்சம் இருந்தத மாட்டுச் சாளைக்கு அந்தாண்ட கொண்டு போயி வெட்டச் சொல்லிட்டன். அந்தத் தம்பி, கிரில்_தம்பி_கோவை எழுதுனதப் படிச்சானாம், அவனே தார்ப்பாயும் கொண்டாந்தான்.

ஜூன் 5ல இருந்து விடாம மழையும் காத்தும், தென்னை மட்டையெல்லாம் உருவிப் போடுது. இன்னைக்கிக் காலையில ஏணி வெச்சு ஏறிப் பாத்தன். ஒரு கோடு கூட இல்ல. மரத்துல இருந்து டீ டிகாக்‌ஷனாட்டம் செவப்பா கொஞ்சம் தண்ணி எறங்கி கீழ வெள்ளச் செவுத்துல பட்டிருக்குது, அது என்னங்க?

#29 சாயப்பட்டறை_அக்கா | ஜூன் 11, காலை 11.15

அது மரத்தோட சாயம், இரும்பு சேராத துவர்ப்பு. புது மரத்துல மொத கொஞ்ச மழைக்கு எறங்கும், அப்பறம் கொறைஞ்சுரும். கருப்பா இல்லாமச் செவப்பா எறங்குதுன்னா உங்க ஆணி சரியா இருக்குதுன்னு அர்த்தம். வெள்ளச் செவுத்துல பட்டத ஒடனே தண்ணி ஊத்திக் கழுவி வுட்டுருங்க, காஞ்சா கறை நிக்கும்.

#30 தோப்புக்காரன் | ஜூன் 11, காலை 11.30

இப்பவே ஹோஸ் எடுத்துட்டுப் போறனுங்க்கா. வான்கூவர் அண்ணன் கணக்கு நெம்பச் சரி, அஞ்சு கிலோ வாங்குனதுல ஒரு கிலோ பக்கம் மிச்சம் நிக்குது, நாலாவது பக்கத்துக்கு அதுவே ஆயிரும்.

#31 சும்மாப்_படிப்பவன் | ஜூன் 11, மதியம் 12.10

அதுலயும் மிச்சமானா ஒரு நூறு ஆணி எனக்கு வைங்ணா. மொட்டை மாடியில புறாக் கூண்டு ஒண்ணு அடிக்கோணும், வேப்பமரப் பலகைதான்.

#32 ஆசாரி_மகன் | ஜூன் 11, மதியம் 12.14

வேப்பமரத்துக்கு முன்ன ஓட்டை போட்டுட்டு அடி. இந்த ஆணி அதுல வளைஞ்சுரும்.